நனையக் கூடாத டயர்

ஒரு கார்த்திகையில் டிரைவர் செபாஸ்டினுக்கு இரண்டாவது மெமோ வந்தது. 'வாகனத்தை முன் அனுமதியின்றிச் சறுக்கவிட்டமைக்காக' என்று அதில் எழுதியிருந்தது. முதல் மெமோவிலும் அதே வாசகம்தான். மூன்றாவது வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது கழகத்தின் விதி. பதினேழு வருடமாக, பதினோரு மாதத்துக்கு ஒரு முறை, புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டிவந்த ஒப்பந்தம் அது. அதற்குப் பின் புதுப்பித்த சுற்று மறு வருடம் மார்கழிக் கடைசியில் முடிய இருந்தது.

கழகம் என்றால் தென்மண்டல நிலவளப் பயிற்சிக் கழகம். நெய்வேலி நகரியத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் இருக்கிறது. அங்கே யாருக்கு என்ன பயிற்சி தருகிறார்கள் என்று ஒருநாள் வரவேற்பறையில் விசாரித்தேன். அதை விளக்குவதற்கென்றே ஒரு வகுப்பு நடப்பதாகவும் அதில் இடம் நிரம்பிவிட்டதாகவும் சொன்னார்கள்.

கழகத்திடம் ஒரு வெள்ளை ஜெர்மன் கார் உண்டு. வெளிநாட்டு நிபுணர்களை ஏற்றிவருவதற்காக வாங்கியது. நிபுணர்கள் யாரும் வராததால் அதில் இயக்குநர் மதிவாணன் போய்வந்தார். முன்னூறு குதிரைச் சக்தி. இயக்குநரின் குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகம் ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் ஒரு ரவுண்டானாவும் இரண்டு வேகத்தடையும். அந்த முன்னூறு குதிரையும் பின்சக்கரங்களை மட்டும்தான் சுழற்றும். முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும். வெயில் காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டு, ரவுண்டானாவில் உதிர்ந்த இலையும் தூசும் ஊறி வழவழவென்று ஆனபின், செபாஸ்டின் ஆக்சிலேட்டரைக் கால் கட்டைவிரலால் தொட்டாலே போதும், காரின் பின்பாகம் முன்பாகத்தைப் பார்க்க வந்துவிடும்.

இரண்டாவது மெமோவுக்குக் காரணமான சறுக்கலின்போது இயக்குநர் பின்சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தார். கார் ரவுண்டானாவில் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது அவருக்குத் தெரியாது. பேசி முடித்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா டிரைவர், ஆபீஸ் வந்துட்டமா?"

"இல்லங்க ஐயா. திரும்பி வூட்டப் பாத்துக்கினு நிக்கிறோம்."

அன்று மாலையே மெமோ வந்துவிட்டது. கழகத்தில் வேகமாக நடக்கிற ஒரே வேலை அதுதான்.

மூன்றாவதை எப்படியாவது தடுத்தாக வேண்டும் என்று செபாஸ்டின், வைகாசி மாதமே மந்தாரக்குப்பத்தில் பிரபாவதியின் டயர் கடைக்குக் காரைக் கொண்டுபோனார். பிரபாவதி கணவரோடு சேர்ந்து தொடங்கிய கடை. கணவர் பெட்ரோல் பங்க் வைக்கப் போய்விட்டதால் இப்போது அவரே நடத்துகிறார். பின்டயரின் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தார். செருகப் பள்ளம் இல்லாமல் காசு கீழே விழுந்தது.

"அண்ணே, டயர்ல இந்தப் பள்ளம் எதுக்கு இருக்குது? ரோட்டுத் தண்ணிய வாங்கி வெளிய தள்றதுக்கு. இது மொட்டையா போச்சு. மழை பேஞ்சா டயரு ரோட்டத் தொடவே தொடாது, தண்ணி மேல மெதந்துக்கினு போவும். அதுவும் இது பின்னாடி தள்ற வண்டி. முன்னாடி ரெண்டு இன்னும் ஒரு வருஷம் ஓடும், வுடு. பின்னாடி ரெண்டு மாத்திட்டியன்னா போதும்."

"எந்த டயரு போடலாம் பிரபா?"

"பள்ளம் ஆழமா, ரப்பரு கொஞ்சம் மெதுவா, ஈரத்துல நல்லாப் புடிக்குற மாதிரி. எங்கிட்டயே இருக்குது. ஒனக்குன்னு எடுத்து வக்கிறேன். அரை மணி நேரத்து வேலை."

செபாஸ்டின் சந்தோஷமாகப் போய், பின்சக்கரத்துக்கு இரண்டு டயர் வேண்டும், குளிர்கால மழைக்குப் பயன்படும் என்று நிர்வாக அதிகாரி சக்கரபாணியிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். சக்கரபாணி அதை மூன்று முறை படித்தார்.

"டயர்ங்கிறது நாலு பேர் உயிரைத் தாங்குற பொருள் செபாஸ்டின். அதைப் போய் டயர் கடைக்காரங்க முடிவுக்கு விட முடியுமா?" என்று கேட்டார்.

இப்படித்தான் டயர் தேர்வுக் குழு பிறந்தது. தலைவர் சக்கரபாணி. கிடங்கு அதிகாரி காந்திமதி செயலாளர். மற்ற மூன்று உறுப்பினர்களும் கார் ஓட்டத் தெரியாதவர்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு டயர்ப் பக்கம் சாய்ந்துவிடக்கூடும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. செபாஸ்டின் சிறப்பு அழைப்பாளர். அதாவது கதவோரம் நிற்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம், முறுக்கு தட்டு அவர் வரை வராது.

முதல் கூட்டத்தில் காந்திமதி ஒரு டயர் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"உங்க விண்ணப்பத்துல குளிர்காலம்னு எழுதியிருக்கீங்க. இதுல குளிர்கால டயர்னு தனிப் பக்கமே இருக்கே?"

"மேடம், அது ஐஸ் கொட்டுற ஊருக்குங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அந்த ரப்பரு பங்குனியிலயே இளகிப்பூடும்."

"நெய்வேலியில ஐஸ் கொட்டாதுன்னு எழுத்துல இருக்கா?"

செபாஸ்டினிடம் எழுத்தில் இல்லை. அவர் நாற்பத்தாறு வயது வரை வாய்மொழியாகவே நம்பிக்கொண்டிருந்தார். தொடர்புடைய துறைக்குக் கடிதம் போயிற்று. நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கடந்த காலத்தில் நெய்வேலியில் ஐஸ் கொட்டியதாகப் பதிவேதும் இல்லை, எதிர்காலம் குறித்து இப்போதைக்குக் கருத்துக் கூற இயலாது என்று இருந்தது. அந்த இரண்டாம் பகுதியை வைத்துக் குழு இரண்டு கூட்டம் நடத்தியது.

ஆடிக் கடைசியில் ஈரச் சோதனை நடந்தது. மழையில் கார் சறுக்குகிறதா என்று நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு. ஆனால் மழைக்காலம் வரை காத்திருந்தால் கழகத்தின் பணி தேங்கிவிடும். ஆகவே ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து ரவுண்டானாவை நனைத்தார்கள். பக்கத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள். சக்கரபாணி எழுந்து, ஈரம் என்பது என்ன என்பதில் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்தபோது ரவுண்டானா அப்பளம் காயப்போடலாம் என்கிற அளவுக்கு உலர்ந்திருந்தது. செபாஸ்டின் காரை எடுத்துச் சுற்றிவந்தார். கார் சறுக்கவில்லை.

"பார்த்தீங்களா! பழைய டயரே பிரமாதமா பிடிக்குது!" என்றார் சக்கரபாணி.

"சார், ரோடு காஞ்சிபோச்சுங்க."

"அது சாலையோட சிறப்பு. டயரை ஏன் குறை சொல்லணும்?"

செபாஸ்டின் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாவது சோதனைக்குச் சம்மதம் வாங்கினார். இந்த முறை லாரிக்காரர் குழாயைத் திறந்தவர் மூடவில்லை. சாலை நனைந்தது, குழுவும் நனைந்தது, முறுக்கும் நனைந்தது. ஈரம் ஆபத்தானது என்று ஒருமனதாகக் குறிப்பு எழுதிக்கொண்டு கலைந்தார்கள். அந்த ஒரு வரிக்காக ஆறு பேருக்குத் தும்மல்.

பிறகு ஸ்டெப்னி பிரச்சினை வந்தது. பின்சக்கரத்துக்கு இரண்டு புது டயர் என்றால் டிக்கியில் கிடக்கும் ஐந்தாவது டயரின் நிலை என்ன என்று ஓர் உறுப்பினர் கிளப்பினார். நாலும் ஓடும்போது அது சும்மா கிடக்கிறது. ஏதாவது ஒன்று பஞ்சரானால் அந்த வேலையை அப்படியே செய்கிறது. பஞ்சர் ஒட்டியதும் மறுபடி டிக்கிக்குப் போய்விடுகிறது.

"அப்படின்னா அது காண்ட்ராக்ட்தான்," என்று சக்கரபாணி தீர்ப்புச் சொன்னார். "பர்மனென்ட் டயருக்கு உள்ள பராமரிப்பு அதுக்குப் பொருந்தாது. வேலைக்கு எடுக்கும்போது காத்து அடிச்சுக்கலாம்."

கதவோரம் நின்றிருந்த செபாஸ்டினுக்கு ஸ்டெப்னி மேல் அதுவரை இல்லாத ஒரு பாசம் வந்தது. அன்று வேலை முடிந்ததும் டிக்கியைத் திறந்து அதற்குத் தன் கைப்பட முழுசாகக் காற்றடித்து வைத்தார்.

புரட்டாசியில் ஒருவழியாக இரண்டு புது டயர் வாங்கலாம் என்று தீர்மானம் ஆனது. நல்ல டயர்தான். பிரபாவதி சொன்ன அதே ரகம். ஐந்து மாதம் சுற்றிவிட்டு அங்கேயே வந்து நின்றிருந்தார்கள். செபாஸ்டின் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றலாமா என்று யோசிக்கும்போது காந்திமதி கேட்டார், அவற்றை எங்கே மாட்டுவது என்று.

"பின்னாடிங்க மேடம். அதுக்குத்தானே கேட்டதே."

"பின்சக்கரம்தான் வண்டியையே தள்ளுதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அவ்வளவு பொறுப்பான இடத்தை நேத்து வந்த டயருக்கு எப்படிக் கொடுக்கிறது? சீனியர் டயர் ரெண்டும் பின்னாலயே இருக்கட்டும். புதுசு ரெண்டும் முன்னால கொஞ்ச நாள் பழகட்டும்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். முன்னால் நல்ல பிடி, பின்னால் மொட்டை டயர் என்றால் இப்போது இருப்பதைவிட மோசம். முன்பாகம் சொன்னபடி திரும்பும், பின்பாகம் தன் இஷ்டத்துக்குப் போகும். இதைப் பள்ளம், ரப்பர், தண்ணீர் என்று சொன்னால் இன்னொரு பந்தல் போடுவார்கள். ஐந்து மாதம் கதவோரம் நின்றதில் அவருக்கும் கழகத்தின் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"சார், ஒரு சந்தேகம். இயக்குநர் ஐயா பின்னாடிதானே உக்கார்றாரு? டிரைவருக்கு அடியில புது டயரும் ஐயாவுக்கு அடியில பழைய டயரும் இருந்தா, பாக்குறவங்க என்னா நெனப்பாங்க?"

சக்கரபாணி முகம் வெளுத்துவிட்டது. 'சிறந்த டயர்கள் எப்போதும் இயக்குநர் அமரும் இருக்கையின் அடியில் பொருத்தப்படும்' என்று இரண்டே நிமிடத்தில் தீர்மானம் எழுதினார்கள். அந்த நேரம் பார்த்து இயக்குநர் மதிவாணனே எட்டிப்பார்த்தார். விஷயம் கேள்விப்பட்டு மனம் நெகிழ்ந்து நின்றபடியே ஓர் உரை ஆற்றினார்.

"இந்தக் காரோட தத்துவமே அதுதான். முன்சக்கரம் சொன்ன பக்கம் திரும்பும், அவ்வளவுதான். பின்னால இருந்துதான் இயக்கம். நம்ம கழகமும் அப்படித்தான். பின்னால உக்காந்திருக்கிற நான்தான் இந்த வண்டியை ஓட்டுறேன். டிரைவர்ங்கிறது ஒரு சம்பிரதாயம்."

பலத்த கைதட்டல். இயக்குநரின் சொற்களை ஒன்றுவிடாமல் கூட்டக் குறிப்பில் ஏழாம் பத்தியாகச் சேர்த்து அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐப்பசி முதல் வாரம் டயர்கள் ரிம்மில் ஏற்றியே வந்தன. முதல் மழையும் வந்தது. செபாஸ்டின் ஜாக்கியோடு கிடங்குக்கு ஓடினார். காந்திமதி டயரைச் சுற்றியிருந்த காகிதத்தைக் காட்டினார். அதில் கம்பெனிக்காரன் கிடங்கில் வைப்பவர்களுக்காக, 'தண்ணீர், எண்ணெய், வெயில் படாமல் பாதுகாக்கவும்' என்று அச்சடித்திருந்தான்.

"மழை நாள்ல இதைத் தர முடியாது. கழகத்தோட சொத்து. நனையக் கூடாது."

"மேடம், மழைக்கின்னே வாங்குன டயருங்க இது!"

"அதனாலதான் சொல்றேன். மழையில கெட்டுப்போச்சுன்னா அப்புறம் மழைக்கு என்ன பண்ணுவீங்க?"

எனக்கு இந்த இடத்தை எழுதும்போதே ரத்தம் கொதிக்கிறது. செபாஸ்டின் பாவம், ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அதிலிருந்து ஏற்பாடு இதுதான். வானம் வெளுத்திருந்தால் பின்சக்கரத்தில் புது டயர். மேகம் கூடினால் புது டயரைக் கழற்றித் துடைத்துக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுப் பழைய மொட்டை டயரை மாட்ட வேண்டும். இதற்காக ஒரு மேகப் பதிவேடு தொடங்கினார்கள். காலை எட்டு மணிக்கு எந்தத் திசையில் என்ன நிறத்தில் மேகம் என்று செபாஸ்டின் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விட்டுவிட்டு மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒன்பது தடவை டயர் மாற்றினார். அன்றைக்கு இயக்குநர் விடுப்பில் இருந்ததால் கார் எங்கேயும் போகவில்லை.

மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் அவர் குப்புறப் படுத்திருக்க, மனைவி சகாயமேரி முதுகில் தைலம் தேய்த்தார்.

"நீங்க டிரைவரா, இல்ல பஞ்சர் கடை வச்சிருக்கீங்களா?"

"மார்கழி முடியட்டும் மேரி. அதுக்குள்ள இன்னொரு மெமோ வராம ஓட்டிட்டன்னா போதும்."

"வந்துட்டா?"

அவர் முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு எங்கே போனாலும் நாற்பத்தாறு வயதில் புதுசாகச் சேர்ந்த ஆள்தான். சகாயமேரியும் அதற்கு மேல் கேட்காமல் தைலத்தை மூடி வைத்தார்.

கார்த்திகையில் குழு தன் சாதனையைப் பார்வையிடக் கிளம்பியது. அன்று மழை கொட்டியதால் விதிப்படி பழைய டயர்கள் மாட்டப்பட்டன. புது டயர்கள் இரண்டும் தார்ப்பாயில் சுற்றப்பட்டு டிக்கியில் பத்திரமாக வந்தன. பின்சீட்டில் இயக்குநரும் சக்கரபாணியும், முன்சீட்டில் மேகப் பதிவேட்டோடு காந்திமதியும் உட்கார்ந்தார்கள். செபாஸ்டின் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சைக்கிளில் போன ஒரு பால்காரர் மணி அடித்து வழி கேட்டு முந்திச் சென்றார்.

"டிரைவர், முன்னூறு குதிரை இருக்குன்னு சொன்னாங்க. எல்லாம் தூங்குதா?" என்றார் இயக்குநர். "மிதிப்பா. மீட்டிங் இருக்கு."

செபாஸ்டின் மிதித்தார். கார் ரவுண்டானாவில் நிதானமாக ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. நடுவிலிருந்த பூச்செடிகளுக்குள் பின்புறமாக ஏறி, 'பாதுகாப்பே நம் மூச்சு' என்ற பலகையில் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரு குரோட்டன்ஸ் செடி மட்டும் போய்விட்டது. காந்திமதி முதல் வேலையாக இறங்கி ஓடி, டிக்கியில் புது டயர்கள் நனையவில்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டார்.

மாலையில் மூன்றாவது மெமோ வந்தது. மூன்று நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செபாஸ்டின் நேராகப் பிரபாவதியின் கடைக்குப் போனார். அவருக்கு அழுகை வந்தது. பிரபாவதி டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இயக்குநரின் உரை வந்ததும் நிறுத்தினார்.

"இருண்ணே. பின்னாடி உக்காந்துக்கினு நான்தான் ஓட்டுறன்னு அவரே சொன்னாரா? அத்த எழுதி வேற வச்சிருக்காங்களா?"

"எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க பிரபா."

"அப்பறம் என்னாத்துக்கு அழுவுற? பேப்பர எடு."

அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் காகிதத்தை வைத்து செபாஸ்டின் எழுதினார்:

'ஐயா, தங்கள் மெமோ கிடைக்கப்பெற்றேன். டயர் தேர்வுக் குழுவின் கூட்டக் குறிப்பு ஏழாம் பத்தியில், பின்னால் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்கள்தான் வண்டியை ஓட்டுகிறார்கள் என்றும், டிரைவர் ஒரு சம்பிரதாயம் என்றும் பதிவாகியுள்ளது. சம்பவத்தன்று நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஓட்டியது யார், சறுக்க முன் அனுமதி வாங்கினார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே மெமோவை உரியவர்களிடம் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கழகம் இரண்டு நாள் கிடுகிடுத்தது. கூட்டக் குறிப்பைத் திருத்தலாம் என்றால், ஒப்புதல் பெற்ற குறிப்பைத் திருத்தக் கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர் சக்கரபாணி. மூன்று மெமோ ஒருவர் தலையில் விழும் என்றால், முதல் இரண்டு சறுக்கலின்போதும் பின்சீட்டில் இருந்தவர் யார் என்று காந்திமதி மெதுவாகக் கேட்டார். இயக்குநர் தண்ணீர் கேட்டார். மூன்றாவது மெமோ நிலுவையில் வைக்கப்பட்டது. இனி இயக்குநர் முன்சீட்டில்தான் உட்காருவார் என்று முடிவானது. அங்கே உட்கார்ந்தால் அவர் ஓட்டுவதாக யாரும் சொல்ல முடியாது.

செபாஸ்டின் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் காந்திமதி எழுந்தார்.

"சிறந்த டயர்கள் இயக்குநர் இருக்கைக்கு அடியிலன்னு தீர்மானம் இருக்கு. ஐயா முன்னால போயிட்டதால புது டயரும் முன்னால போயாகணும். இயக்குநருக்காக நனையறதுக்கும் சிறப்பு அனுமதி தந்துடலாம்."

"மேடம், வேணாங்க! பின்னாடி மொட்டையா இருந்தா இன்னும் மோசமா சுத்தும்!"

"உங்க யோசனைதானே செபாஸ்டின்?" என்றார் சக்கரபாணி அன்பாக.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. இயக்குநர் மதிவாணன் வேலைக்கு வந்த காலத்திலிருந்து முதல் முறையாகக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வைப்பர் தள்ளத் தள்ள தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சாலை முழுக்க இலை. எதிரே ரவுண்டானா. அதற்குள் ஒரு மினி பஸ் நுழைந்துகொண்டிருந்தது. செபாஸ்டின் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முன்சக்கரம் கச்சிதமாகத் திரும்பியது. பின்பாகம் பஸ்ஸை விசாரிக்கக் கிளம்பியது. செபாஸ்டின் மூச்சைப் பிடித்து ஸ்டியரிங்கை அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம் என்று ஒடித்தார். பஸ்ஸின் ஜன்னலில் ஒரு அம்மாள் வாயில் கைவைத்தது இயக்குநருக்கு மிகப் பக்கத்தில் தெரிந்தது. கார் ஓரமாய்ப் போய் நின்றது.

போன் இயக்குநரின் காலடியில் கிடந்தது. அவருடைய இரண்டு கைகளும் டாஷ்போர்டில் இருந்தன.

"செபாஸ்டின்," என்றார். இதுவரை அவர் டிரைவர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "தினமும் இப்படித்தானா?"

"மழை நாள்ல இப்படித்தாங்க ஐயா."

"எனக்கு ஏன் தெரியல?"

"ஐயா பின்னாடி போன்ல இருப்பீங்க."

இயக்குநர் குனிந்து போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "டயர் கடை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மந்தாரக்குப்பத்துக்குக் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்கள். பிரபாவதி காரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிவந்தார். இரண்டிலும் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'செபாஸ்டின் அண்ணன், வெள்ளக் காரு, வைகாசி.'

"வைகாசியிலயே எடுத்து வச்சதுங்க," என்றார். "கேட்டவங்களுக்கு எல்லாம் இல்லன்னுட்டேன். வந்துடுவாரு வந்துடுவாருன்னு பாத்துக்கினே இருந்தேன்."

தகரக் கூரையின் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இயக்குநர் டீ குடித்தார். மழை கூரைமேல் தடதடத்தது. டீ முடியும்போது வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. அரை மணி கூட ஆகவில்லை. இயக்குநர் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். திரும்பும்போது ரவுண்டானாவில் கண்ணை மூடிக்கொண்டார். கார் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டு திரும்பியதும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இது குழுவுக்குத் தெரிய வேண்டாம் செபாஸ்டின்," என்றார். "வருத்தப்படுவாங்க."

அந்த மழைக்காலம் முழுக்கக் கார் சறுக்கவில்லை. மார்கழிக் கடைசியில் கழகத்தின் ஆண்டு விழா நடந்தது. ஊழியர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செபாஸ்டினும் சகாயமேரியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சக்கரபாணி மைக்கைப் பிடித்தார்.

"டயர் தேர்வுக் குழுவின் இடையறாத உழைப்பால் நமது வாகனம் முப்பத்து மூன்று நாட்களாக ஒரு முறைகூடச் சறுக்கவில்லை! இந்த வெற்றிக்கு யார் காரணம் என்று உங்களுக்கே தெரியும்!"

மேடையில் இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டு கைதட்டினார்.

"அந்த அயராத உழைப்பைப் பாராட்டி, இன்று ஒரு நிரந்தரமாக்கல் உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது!"

சகாயமேரி செபாஸ்டினின் கையை இறுக்கிப் பிடித்தார். செபாஸ்டின் எழுந்துகொள்ளச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். பதினேழு வருடம் எதிர்பார்த்த சொல் அது.

"டயர் தேர்வுக் குழு இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறது!"

பலத்த கைதட்டல். செபாஸ்டினும் தட்டினார், கை ஏற்கனவே தூக்கியிருந்ததால். விழா முடிந்து வாசலில் அவரிடம் ஓர் உறை கொடுத்தார்கள். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கார் கொட்டகை வரை இருவரும் நடந்தார்கள்.

"டயருக்குக் கமிட்டி போட்டாங்க, கமிட்டியே பர்மனென்ட் ஆயிடுச்சு," என்றார் சகாயமேரி. அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்கும் ஒரு கமிட்டி போடச் சொல்லிக் கேட்டா என்னா?"

"வேணாம் மேரி. நல்ல டிரைவரு, நனையக் கூடாதுன்னு என்னையும் கிடங்குல வச்சிடுவாங்க."

சகாயமேரி சிரித்துவிட்டார். கொஞ்சம் அழவும் செய்தார். செபாஸ்டின் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருந்தது. பம்ப்பை எடுத்து, அது கல்லாய் ஆகும்வரை காற்றடித்துவிட்டு மூடினார்.